படித்துவிட்டுப் பெயிண்ட் அடிப்போம்

டில்லியில் கரோல் பாக் என்று ஓர் இடம் இருக்கிறது. பெரிய கடைவீதி அது. அஜ்மல்கான் சாலையில் துணிக்கடைகள் வரிசையாக இருக்கும். நாயிவாலா என்ற பகுதியில் வண்டிச் சாமான்கள் கிடைக்கும். அந்தப் பெயரைக் கேட்டதும் ஊரிலிருந்து புதிதாக வரும் தமிழர்கள் சிரிப்பார்கள். "நாய் வாலா? அதை எங்கே விற்கிறார்கள்?" என்று கேட்பார்கள்.

கரோல் பாகில் பல காலமாகத் தமிழ்க் குடும்பங்கள் வாழ்கின்றன. எங்கள் சந்திலும் சில குடும்பங்கள் உண்டு. அங்கே ஒரு டிரைவர் இருக்கிறார். சந்தில் எல்லோருக்கும் அவர் மாமாதான். அவர் மனைவி எல்லோருக்கும் அத்தை. மாமா ஐம்பது வயதில் எங்கள் மாலை வகுப்புக்கு வந்தார். எழுத்துக் கூட்டிப் படிக்கக் கற்றுக்கொண்டார். என்னைவிட இரண்டு மடங்கு வயது அவருக்கு. ஆனாலும் என்னை "டீச்சர்" என்றுதான் கூப்பிடுவார்.

மாமாவிடம் ஒரு பழைய கார் இருந்தது. மாருதி 800. 2009-ஆம் ஆண்டில் செய்த வண்டி. இந்தக் காரை நீங்களும் பார்த்திருப்பீர்கள். 1983-ஆம் ஆண்டு டிசம்பர் 14 அன்று டில்லியில் இதன் முதல் வண்டி ஒருவருக்குக் கொடுக்கப்பட்டது. அப்போது பிரதமராக இருந்த இந்திரா காந்தி சாவியைக் கொடுத்தார். 2014-ஆம் ஆண்டு ஜனவரியோடு இந்தக் காரைச் செய்வதை நிறுத்திவிட்டார்கள்.

அந்தக் காரின் என்ஜினுக்கு மாமா பெயிண்ட் அடிக்க நினைத்தார். அதில் நடந்ததுதான் இந்தப் பாடம்.

அன்று நடந்தது

2022-ஆம் ஆண்டு, மார்ச் மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை. மெக்கானிக் என்ஜினைக் கழற்றி, உள் வேலை எல்லாம் முடித்து, திரும்பக் கோர்த்திருந்தார்.

"வெளியே துரு ஏறியிருக்கு. சுத்தம் பண்ணிப் பெயிண்ட் அடிக்க 1500 ரூபாய் ஆகும்" என்றார் மெக்கானிக்.

"அதுக்கு எதுக்கு 1500? நானே வீட்டுல அடிச்சுக்கறேன்" என்றார் மாமா.

தள்ளுவண்டியில் வைத்து என்ஜினை வீட்டுக்குக் கொண்டு வந்தார். மாடிப்படிக்குக் கீழே ஒரு பழைய டயரைப் போட்டு, அதன் மேல் என்ஜினை உட்கார வைத்தார். என்ஜின் முழுக்க எண்ணெயும் மண்ணும் சேர்ந்த பிசுக்கு. அதைக் கழுவ ஒரு தட்டில் பெட்ரோலை ஊற்றினார். பிரஷை அதில் தோய்த்துத் தேய்த்தார்.

வாசலில் ஓர் இஸ்திரிக்காரர் உட்கார்ந்திருப்பார். கரி போட்ட இஸ்திரிப் பெட்டி அவருடையது. மாமாவுக்கும் அவருக்கும் இடையில் பத்து அடி தூரம். "தீ அங்கே இருக்கு, நான் இங்கே இருக்கேன்" என்று மாமா நினைத்தார்.

திடீரென்று 'புஸ்' என்று ஒரு சத்தம். தரையோடு தரையாக நெருப்பு ஓடி வந்தது. தட்டு பற்றிக்கொண்டது. மாமாவின் இடது கையில் தீ பட்டது. மாடியில் ஐந்து குடித்தனங்கள். இறங்க ஒரே ஒரு படி. அந்தப் படிக்குக் கீழேதான் நெருப்பு.

அத்தை வாளித் தண்ணீரோடு ஓடி வந்தார். "பானி மத் டாலோ! தண்ணீர் ஊற்றாதீங்க!" என்று இஸ்திரிக்காரர் கத்தினார். பக்கத்து வீட்டில் கட்டட வேலை நடந்துகொண்டிருந்தது. அங்கே மணல் குவிந்திருந்தது. அவர் மணலை அள்ளி அள்ளிப் போட்டார். நாலைந்து பேர் சேர்ந்துகொண்டார்கள். நெருப்பு அடங்கியது.

மாமாவின் கையில் பற்பசை தடவ ஒருவர் ஓடி வந்தார். எதிர்வீட்டு நர்ஸ் அக்கா தடுத்துவிட்டார். குழாயைத் திறந்து, கையைத் தண்ணீரில் 20 நிமிடம் காட்டச் சொன்னார். பிறகு ஆஸ்பத்திரிக்கு அழைத்துச் சென்றார்.

மாமாவால் 12 நாள் வேலைக்குப் போக முடியவில்லை. நாளுக்கு 450 ரூபாய் சம்பளம் போயிற்று. மருந்துக்கு 900 ரூபாய் செலவானது. 1500 ரூபாயை மிச்சம் பிடிக்க நினைத்தவருக்கு எவ்வளவு நஷ்டம்? பாடத்தின் முடிவில் நீங்களே கணக்குப் போடுங்கள்.

மாமா சொன்ன ஒரு வார்த்தை

கையில் கட்டோடு மாமா வகுப்புக்கு வந்தார். எல்லோரும் நலம் விசாரித்தோம். அவர் தலையைக் குனிந்துகொண்டு சொன்னார்:

"எனக்கு எழுத்து தெரியும் டீச்சர். ஆனா நின்னு படிக்கணும்னு தோணலை. முப்பது வருஷமா பெட்ரோல் பங்குக்குப் போறேன். அங்கே தீப்படம் போட்ட பலகை இருக்கு. தினமும் பார்க்கிறேன். ஒரு நாளும் படிச்சதில்லை."

அவர் பெயிண்ட் டப்பாவையும் கொண்டு வந்திருந்தார். அதில் கதவும் ஜன்னலும் வரைந்திருந்தன. அது வீட்டுக் கதவுக்கு அடிக்கும் பெயிண்ட். என்ஜினுக்கு ஆகாது. அதையும் அவர் பார்க்கவில்லை.

நாங்கள் அன்று முடிவு செய்தோம். இந்த என்ஜினுக்கு நாமே பெயிண்ட் அடிப்போம். ஆனால் முதலில் படிப்போம். கேட்போம். பிறகு அடிப்போம். மெக்கானிக்கை ஒரு நாள் வகுப்புக்கு அழைத்தோம். மாமாவின் மகள் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறாள். டப்பாக்களில் இந்தியிலும் இங்கிலீஷிலும் இருந்ததை அவள் படித்துச் சொன்னாள். தெரிந்துகொண்டதை எல்லாம் இங்கே எழுதியிருக்கிறேன்.

நெருப்பு எப்படி ஓடி வந்தது?

பெட்ரோல் எரிவதில்லை. பெட்ரோலிலிருந்து கிளம்பும் ஆவிதான் எரிகிறது. அந்த ஆவி கண்ணுக்குத் தெரியாது. காற்றைவிட மூன்று மடங்குக்கு மேல் கனமானது. அதனால் மேலே போகாது. தண்ணீர் போலத் தரையில் பரவும். பள்ளத்தில் தேங்கும். பத்து அடி தள்ளி ஒரு பொறி இருந்தாலும் அதைத் தேடிப் போய்விடும். பற்றியதும் நெருப்பு வந்த வழியே திரும்பி ஓடி வரும். அன்று நடந்தது அதுதான்.

பெட்ரோல் ஆவியாவதற்கு வெயில் வேண்டாம். உறைபனிக் குளிரிலும் அது தீப்பிடிக்கும் அளவுக்கு ஆவி விடும். "இன்று குளிராகத்தானே இருக்கிறது" என்று நினைக்கக் கூடாது. பெயிண்டில் கலக்கும் தின்னரும் சுலபமாகத் தீப்பிடிக்கும்.

எரிகிற பெட்ரோலில் தண்ணீர் ஊற்றினால் என்ன ஆகும்? பெட்ரோல் தண்ணீரில் மிதக்கும். எரிந்துகொண்டே தண்ணீரோடு பரவும். அதனால் மணல் போட வேண்டும். அல்லது தூள் அடிக்கும் தீயணைப்புக் கருவி வேண்டும். நெருப்பு கைக்கு அடங்காது என்று தெரிந்தால் உடனே எல்லோரையும் வெளியேற்றுங்கள். 101 அல்லது 112 எண்ணுக்குப் போன் செய்யுங்கள்.

கரோல் பாக் மக்களுக்கு நெருப்பைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 2019-ஆம் ஆண்டு பிப்ரவரி 12 அன்று விடியற்காலையில் இங்குள்ள ஒரு ஓட்டலில் தீப்பிடித்தது. 17 பேர் இறந்தார்கள். அது வேறு காரணத்தால் வந்த தீ. ஆனால் ஒன்றை அன்று எல்லோரும் பார்த்தோம். புகை மேலே ஏறும். வெளியேறும் வழி அடைபட்டால் மாடியில் இருப்பவர்கள் மாட்டிக்கொள்வார்கள். அதனால் மாடிப்படிக்குக் கீழே பெட்ரோலையோ தின்னரையோ ஒரு நாளும் திறக்காதீர்கள். அங்கே சேர்த்தும் வைக்காதீர்கள்.

இன்னொன்று. மாமா பெட்ரோலைக் குடிதண்ணீர் பாட்டிலில் வாங்கி வைத்திருந்தார். குழந்தை எடுத்துக் குடித்திருந்தால்? நினைக்கவே பயமாக இருக்கிறது.

என்ஜினுக்கு ஏன் பெயிண்ட்?

அழகுக்காக மட்டும் இல்லை. மூன்று காரணங்கள் இருக்கின்றன.

முதலாவது, துரு. இரும்பில் ஈரமும் காற்றும் பட்டால் துரு பிடிக்கும். பெயிண்ட் ஒரு சட்டை போல இருந்து ஈரத்தைத் தடுக்கும்.

இரண்டாவது, கசிவு. சுத்தமான பெயிண்டின் மேல் ஒரு சொட்டு எண்ணெய் வழிந்தாலும் தெரியும். பிசுக்கு ஏறிய என்ஜினில் எங்கே கசிகிறது என்று கண்டுபிடிக்க முடியாது.

மூன்றாவது, சுத்தம். வழவழப்பான பெயிண்டில் அழுக்கு அதிகம் ஒட்டாது. துடைப்பது சுலபம்.

எல்லாப் பாகத்துக்கும் பெயிண்ட் வேண்டுமா? வேண்டாம். ஒரு காந்தத்தை எடுத்துக்கொள்ளுங்கள். என்ஜினில் ஒவ்வோர் இடமாக வைத்துப் பாருங்கள். ஒட்டினால் அது இரும்பு. துரு பிடிக்கும். ஒட்டவில்லை என்றால் பெரும்பாலும் அலுமினியம். அலுமினியத்தில் இரும்பைப் போலத் துரு பிடிக்காது. அதைச் சுத்தம் செய்து அப்படியே விட்டுவிடலாம். பழைய அம்பாசிடர் காரில் அடிப்பாகமும் மேல்பாகமும் வார்ப்பு இரும்பு. பிறகு வந்த பல கார்களில் மேல்பாகம் அலுமினியம்.

வகுப்பில் எல்லோரும் காந்தத்தை வாங்கி வாங்கி வைத்துப் பார்த்தார்கள். அத்தைதான் முதலில் சரியாகச் சொன்னார்.

எந்தப் பெயிண்ட்?

தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கும். ஓடுகிற என்ஜினின் வெளிப்பக்கமும் ஏறக்குறைய அந்த அளவு சூடாகும். சில இடங்களில் இன்னும் கூடும். கதவுக்கு அடிக்கும் பெயிண்ட் இந்தச் சூட்டில் நிறம் மாறும். உரிந்து வரும். அதனால் சூடு தாங்கும் என்ஜின் பெயிண்ட் கேட்டு வாங்க வேண்டும்.

டப்பாவில் ஓர் எண் இருக்கும். அதன் பக்கத்தில் மேலே ஒரு சின்ன வட்டம் இருக்கும். அந்த வட்டம்தான் டிகிரிக் குறி. 200 என்ற எண்ணும் வட்டமும் இருந்தால் 200 டிகிரி வரை தாங்கும் என்று பொருள். மாமா நாயிவாலா கடையில் நின்று அந்த எண்ணைத் தானே படித்து வாங்கினார். "இன்னிக்குத்தான் டீச்சர் நான் ஒரு டப்பாவை முழுசாப் பார்த்தேன்" என்றார்.

புகை வெளியேறும் குழாய் பல நூறு டிகிரி சூடாகும். சாதாரண என்ஜின் பெயிண்ட் அங்கே கருகிவிடும். அதற்குத் தனிப் பெயிண்ட் இருக்கிறது.

டப்பாவில் படங்களும் இருக்கும். படத்துக்கு மொழி கிடையாது. தீப்படம் இருந்தால் சுலபமாகத் தீப்பிடிக்கும் பொருள். மண்டை ஓடு இருந்தால் கொடிய விஷம். ஆச்சரியக்குறி இருந்தால் கண், தோல், மூச்சுக்குக் கெடுதல் வரலாம். இந்த மூன்று படங்களையும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

வேலையைத் தொடங்குவோம்

மாமாவின் கை ஆறிய பிறகு வேலையைத் தொடங்கினோம். இந்த முறை மாடிப்படிக்குக் கீழே இல்லை. சந்தின் கடைசியில் ஒரு காலி மனை. மேலே வானம். நாலு பக்கமும் காற்று. பக்கத்தில் ஒரு வாளி மணல். பீடி இல்லை, அடுப்பு இல்லை, ஊதுவத்தி இல்லை. இஸ்திரிக்காரரும் வந்தார். தன் பெட்டியை வாசலிலேயே விட்டுவிட்டு வந்தார்.

பெயிண்ட் வேலையில் முக்கால் பங்கு சுத்தம் செய்வதுதான். மெக்கானிக் சொன்னார்: "எண்ணெய் மேல அடிச்சா எண்ணெயில்தான் ஒட்டும். இரும்புல ஒட்டாது."

1. ஓட்டைகளை மூடுங்கள். என்ஜினில் பல வாய்கள் இருக்கும். காற்று போகும் வாய், எண்ணெய் ஊற்றும் வாய், தண்ணீர்க் குழாய், பிளக் ஓட்டை எல்லாவற்றையும் சுத்தமான துணியாலும் டேப்பாலும் அடைத்துவிடுங்கள். ஒரு துளி மணல் உள்ளே போனாலும் என்ஜின் கெட்டுப்போகும். எத்தனை ஓட்டை அடைத்தோம் என்று ஒரு தாளில் எழுதி வையுங்கள். பிறகு எல்லாவற்றையும் எடுக்க வேண்டும் அல்லவா? நாங்கள் 11 என்று எழுதி வைத்தோம்.

2. பிசுக்கைச் சுரண்டுங்கள். மரக்குச்சியாலோ பிளாஸ்டிக் துண்டாலோ சுரண்டுங்கள். கீழே பழைய செய்தித்தாளை விரித்துக்கொள்ளுங்கள்.

3. கழுவுங்கள். வெந்நீரில் துணி துவைக்கும் சோப்புத் தூளைக் கரையுங்கள். பிரஷால் நன்றாகத் தேயுங்கள். இரண்டு மூன்று முறை செய்யுங்கள். பெட்ரோல் வேண்டவே வேண்டாம். பிசுக்கு போகவில்லை என்றால், தண்ணீரில் கழுவக்கூடிய பிசுக்கு நீக்கி கடையில் கிடைக்கும். சிலர் காஸ்டிக் சோடா போடச் சொல்வார்கள். கேட்காதீர்கள். அது அலுமினியத்தை அரிக்கும். தோலையும் கண்ணையும் பொசுக்கிவிடும்.

4. தண்ணீர்ச் சோதனை. கழுவிய இடத்தில் கொஞ்சம் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். தாமரை இலையில் நிற்பது போல முத்து முத்தாக நிற்கிறதா? அப்படியானால் எண்ணெய் இன்னும் இருக்கிறது. திரும்பக் கழுவுங்கள். மெல்லிய படலமாகப் பரவுகிறதா? சுத்தமாகிவிட்டது. நாங்கள் மூன்று முறை கழுவிய பிறகுதான் தண்ணீர் பரவியது.

5. உடனே காய வையுங்கள். கழுவிய இரும்பு சீக்கிரம் துரு பிடிக்கும். துணியால் ஒற்றி எடுத்து, வெயிலில் காய விடுங்கள். இடுக்குகளில் ஈரம் நிற்காமல் பாருங்கள்.

6. துருவை எடுங்கள். கம்பி பிரஷால் தேயுங்கள். பிறகு உப்புத்தாளால் தேயுங்கள். கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். கம்பித் துண்டு கண்ணில் தெறிக்கும். பழைய பெயிண்ட் இருந்தால் ஈரமாக்கித் தேயுங்கள். அதில் ஈயம் இருக்கலாம். ஈயத் தூசி குழந்தைகளின் மூளையைக் கெடுக்கும். வீட்டுக்கு அடிக்கும் பெயிண்டில் பத்து லட்சம் பங்குக்கு 90 பங்குக்கு மேல் ஈயம் இருக்கக் கூடாது. இந்த விதி 2017-ஆம் ஆண்டு நவம்பர் முதல் நம் நாட்டில் நடைமுறைக்கு வந்தது. ஆனால் அது வீட்டுப் பெயிண்டுக்கான விதி. பழைய வண்டிப் பெயிண்டை நம்ப முடியாது. பழைய கேஸ்கட் ஒட்டியிருந்தாலும் ஈரமாக்கித்தான் சுரண்ட வேண்டும். சில பழைய கேஸ்கட்களில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கும். அந்தத் தூசி நுரையீரலுக்குக் கேடு.

7. பெயிண்ட் படக்கூடாத இடங்களை மூடுங்கள். ரப்பர் குழாய், பெல்ட், திருகு மரை, ஒயர் இணைப்பு, கேஸ்கட் உட்காரும் சமதளம் ஆகியவற்றில் பெயிண்ட் படக் கூடாது. பேட்டரியின் எர்த் ஒயர் உட்காரும் இடமும் வெறும் இரும்பாக இருக்க வேண்டும். அங்கே பெயிண்ட் பட்டால் மின்சாரம் சரியாகப் போகாது. வண்டி கிளம்பாது.

மகள் காட்டிய எண்

டேப் ஒட்டும்போது மாமாவின் மகள் திடீரென்று, "அப்பா, நில்லுங்க!" என்றாள்.

என்ஜினின் ஓரத்தில் சில எழுத்துகளும் எண்களும் பொறித்திருந்தன. துருவுக்கு அடியில் இவ்வளவு நாள் மறைந்திருந்தன. அவள் வண்டியின் ஆர்.சி. புத்தகத்தைக் கொண்டு வந்தாள். ஒவ்வோர் எழுத்தாகப் படித்தாள். மாமா என்ஜினைப் பார்த்துச் சரி சொன்னார். ஓர் எழுத்துகூட மாறவில்லை.

அதுதான் என்ஜின் எண். ஒவ்வொரு வண்டியிலும் என்ஜின் எண்ணும் சேஸிஸ் எண்ணும் பொறித்திருக்க வேண்டும். 1989-ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகள் இப்படிச் சொல்கின்றன. வண்டி உங்களுடையது என்பதற்கு அந்த எண் ஒரு சாட்சி. அதைத் தேய்த்து அழிக்கக் கூடாது. கம்பி பிரஷால் அழுத்தித் தேய்க்கவும் கூடாது. தடிப்பாகப் பெயிண்ட் அடித்து மறைக்கவும் கூடாது. அப்படிச் செய்தால் திருட்டு வண்டியோ என்று சந்தேகம் வரும்.

மகள் அந்த எண்ணின் மேல் கொஞ்சம் வாசலின் தடவினாள். மேலே டேப் ஒட்டினாள். அந்தச் சின்ன வேலை பிறகு எவ்வளவு உதவியது என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

பெயிண்ட் அடிப்போம்

காற்று அதிகம் இல்லாத, ஈரம் இல்லாத நாளாகப் பாருங்கள். மழை நாள் ஆகாது. கடும் குளிரிலும் பெயிண்ட் சீக்கிரம் காயாது.

தின்னர் தொட்ட துணியால் ஒருமுறை மெல்லத் துடையுங்கள். பிறகு இரும்பைக் கையால் தொடாதீர்கள். கையிலும் எண்ணெய் இருக்கிறது.

முதலில் பிரைமர் அடிக்க வேண்டும். பிரைமர்தான் இரும்பையும் பெயிண்டையும் பிடித்து வைக்கும் கை. அதுவும் சூடு தாங்குவதாக இருக்க வேண்டும். பிரைமர் காய்ந்த பிறகு பெயிண்ட் அடியுங்கள்.

ஒரே தடவையில் தடிப்பாக அடிக்காதீர்கள். வழியும். மேலே காய்ந்து உள்ளே ஈரமாக இருக்கும். சூடு பட்டதும் கொப்பளிக்கும். மெல்லியதாக இரண்டு அல்லது மூன்று தடவை அடியுங்கள். ஒரு தடவைக்கும் அடுத்த தடவைக்கும் எத்தனை நிமிடம் விட வேண்டும் என்று டப்பாவில் போட்டிருக்கும். எங்கள் டப்பாவில் 15 என்று இருந்தது. மாமா கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார்.

ஸ்பிரே டப்பாவாக இருந்தால் நன்றாகக் குலுக்குங்கள். ஒரு சாண் தூரத்துக்குக் குறையாமல் பிடியுங்கள். கையை நிறுத்தாமல் ஒரு பக்கமிருந்து மறுபக்கம் நகர்த்துங்கள். பிரஷ் என்றால் கொஞ்சமாகத் தோய்த்து இழுங்கள்.

காய்ந்த பிறகு டேப்பை மெல்ல உரியுங்கள். அடைத்த துணிகளை எண்ணி எடுங்கள். 11 அடைத்தோம், 11 எடுத்தோம். ஒன்று குறைந்தால் அது என்ஜினுக்குள் இருக்கிறது என்று பொருள்.

முதல் முறை ஓட்டும்போது கொஞ்சம் வாசனை வரும். லேசாகப் புகையும் வரலாம். வெளியில் நிறுத்தி, சிறிது நேரம் ஓட்டி, ஆற விட்டு, மறுபடியும் ஓட்டுங்கள். இப்படிப் படிப்படியாகச் சூடேற்றினால் பெயிண்ட் கெட்டியாகும்.

உடம்பையும் பார்த்துக்கொள்வோம்

தின்னர் வாசனை தலைவலியையும் மயக்கத்தையும் கொண்டு வரும். முகத்தில் கட்டும் துணி தூசியைத்தான் ஓரளவு தடுக்கும். தின்னர் ஆவியைத் தடுக்காது. கரி வடிகட்டி வைத்த முகமூடிதான் தடுக்கும். திறந்த வெளியில் காற்று வரும் பக்கம் நின்று வேலை செய்யுங்கள். தலை சுற்றினால் உடனே தள்ளிப் போய் உட்காருங்கள்.

கர்ப்பிணிகளும் குழந்தைகளும் பக்கத்தில் வர வேண்டாம். கையைத் தின்னரில் கழுவாதீர்கள். அது தோல் வழியாகவும் உடம்புக்குள் போகும். கையுறை போட்டுக்கொள்ளுங்கள். கை கழுவாமல் சாப்பிடாதீர்கள்.

தின்னர்த் துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள். வெளியில் விரித்துக் காய வைத்துப் பிறகு எறியுங்கள். மீதித் தின்னரைச் சாக்கடையில் ஊற்றாதீர்கள். டில்லிச் சாக்கடைகள் யமுனைக்குத்தான் போகின்றன. காலி ஸ்பிரே டப்பாவை நெருப்பில் போட்டால் வெடிக்கும்.

பிறகு என்ன ஆயிற்று?

என்ஜின் புதிது போல ஆனது. மெக்கானிக் வந்து பார்த்தார். நகத்தால் சுரண்டிப் பார்த்தார். "உரியலையே!" என்றார். மாமாவுக்கு அதுவே பெரிய பரிசு.

மறு ஆண்டு, 2023-இல், மாமா காரை ஊருக்கு அனுப்ப நினைத்தார். 15 ஆண்டுக்கு மேற்பட்ட பெட்ரோல் வண்டிகளும் 10 ஆண்டுக்கு மேற்பட்ட டீசல் வண்டிகளும் டில்லியில் ஓடக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2018-இல் உத்தரவிட்டிருந்தது. அந்த உத்தரவில் பிறகு மாற்றங்களும் வந்தன. உங்கள் வண்டிக்கு இன்று எந்த விதி என்பதை அலுவலகத்தில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். மாமா முன்கூட்டியே போனார். வேறு மாநிலத்துக்கு மாற்ற, தடையில்லாச் சான்று கேட்டார்.

அதிகாரி என்ஜினை எட்டிப் பார்த்தார். எண்ணைப் படித்தார். ஆர்.சி. புத்தகத்தைப் பார்த்தார். இரண்டும் ஒன்றாக இருந்தன. பளிச்சென்று தெரிந்தன. ஒரு கேள்வியும் கேட்காமல் அடுத்த வேலைக்குப் போனார். மாமா மகளை நினைத்துக்கொண்டார்.

மாமாவின் இடது கையில் இன்னும் அந்தத் தழும்பு இருக்கிறது. வகுப்புக்குப் புதிதாக வருகிறவர்களிடம் அதைக் காட்டுவார். "எழுத்து தெரிஞ்சா போதாது. நின்னு படிக்கணும்" என்பார். இப்போது மருந்து வாங்கினாலும் டப்பா வாங்கினாலும் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஓரமாக நின்றுவிடுவார். அத்தை கேலி செய்வார். "உங்க மாமா கடைக்குப் போனா ஒரு மணி நேரம் டீச்சர். டப்பாவைப் படிச்சு முடிச்சுட்டுத்தான் வருவார்."

படித்து முடித்துவிட்டே வரட்டும்.

கேள்விகள்

1. பத்து அடி தூரத்தில் இருந்த கரிப்பெட்டியால் எப்படித் தீப்பிடித்தது?
2. எரிகிற பெட்ரோலில் ஏன் தண்ணீர் ஊற்றக் கூடாது?
3. இரும்பா அலுமினியமா என்று எப்படித் தெரிந்துகொள்வீர்கள்?
4. தண்ணீர்ச் சோதனை என்றால் என்ன?
5. என்ஜின் எண்ணை ஏன் மறைக்கக் கூடாது?

கணக்கு

மாமாவுக்கு நாளுக்கு 450 ரூபாய் வீதம் 12 நாள் சம்பளம் போயிற்று. மருந்துக்கு 900 ரூபாய். மொத்தம் எவ்வளவு? மெக்கானிக் கேட்ட 1500 ரூபாயைவிட இது எவ்வளவு அதிகம்?

செய்து பாருங்கள்

உங்கள் வீட்டில் தீப்படம் போட்ட டப்பாக்கள் எத்தனை இருக்கின்றன? தேடி எழுதுங்கள். அவை அடுப்புக்குப் பக்கத்தில் இருந்தால் இன்றே இடம் மாற்றுங்கள்.

கேஸ் சிலிண்டரின் கழுத்துப் பட்டையில் ஓர் இங்கிலீஷ் எழுத்தும் இரண்டு எண்களும் இருக்கும். எண்கள் ஆண்டைக் குறிக்கும். ஏ என்றால் மார்ச் வரை, பி என்றால் ஜூன் வரை, சி என்றால் செப்டம்பர் வரை, டி என்றால் டிசம்பர் வரை. அதற்குள் சிலிண்டரைத் திரும்பச் சோதிக்க வேண்டும். உங்கள் சிலிண்டரில் என்ன இருக்கிறது? படித்து எழுதுங்கள். நாள் கடந்த சிலிண்டரை வாங்காதீர்கள்.

விடை: 5400 + 900 = 6300 ரூபாய். 6300 - 1500 = 4800 ரூபாய் அதிகம்.